வேலி ஓரத்துத் தழை

எலுமிச்சைத் தளிரில் கோடு விழுந்ததை முதலில் பார்த்தது என் மனைவி. ஐப்பசி மழை இரண்டு பெய்திருந்தது. மரமெல்லாம் துளிர் விட்டிருந்தது. மரம் என்கிறேன், இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். நட்டு மூன்று வருடம்.

"இங்க பாருங்க. நத்தை ஊர்ந்த மாதிரி இருக்குது."

இலையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளிக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போனது. கோடு முடிகிற இடத்தில் நூல் மாதிரி ஒரு புழு. இலைக்கு மேல்தோல் ஒன்று, அடித்தோல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு தின்கிறது. வெளியே வருவதில்லை. அது தின்ற இலை சுருண்டுவிடுகிறது.

ஒரு மரம் என்றால் கிள்ளிப் போட்டிருப்பேன். அறுபத்து நான்கு மரம். நடந்து பார்த்தேன். வேலி ஓர வரிசையில்தான் அதிகம். தளிர் விட்ட கொப்பு ஒவ்வொன்றிலும் கோடு.

எலுமிச்சை, இலை கொட்டி நிற்கிற மரம் இல்லை. வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும். இருக்கிற இலைதான் அதற்குச் சோறு. அந்த வருடம் காய்ப்புக்கு வர வேண்டிய வருடம். தளிர் போனால் கொப்பு வளராது என்று பயந்தேன்.

நாலு இலையைப் பையில் போட்டுக்கொண்டு நல்லம்பள்ளிக்குப் போனேன். உரக்கடைக்காரர் ஒரு இலையைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்தார்.

"இலை துளைக்கிற புழுங்க. உள்ள பாயுற மருந்து இருக்கு. ஒரே அடி."

"பக்கத்துக் காட்டுல பட்டுப்புழு இருக்குதுங்க."

அவர் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"அப்ப நான் ஒண்ணும் சொல்லலைங்க. நீங்களும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலைங்க."

எங்கள் பக்கத்தில் கடைக்காரர்களுக்கு இது தெரியும். ஒரு புழுவைக் கொல்ல வாங்கிப் போன மருந்து இன்னொருவன் புழுவைக் கொன்று, வம்பு கடை வாசலுக்கே வந்த கதை நிறைய உண்டு.

பக்கத்துக் காடு என் தம்பியுடையது. ஒரே நிலம்தான். பாகம் பிரித்தபோது நடுவில் கிளுவை வேலி போட்டோம். கிழக்குப் பக்கம் எனக்கு. மேற்கு அவனுக்கு. தம்பி லாரி ஓட்டுகிறான். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருப்பான். அவன் மனைவிதான் காட்டைப் பார்க்கிறாள். ஒரு ஏக்கர் மல்பெரி. அதற்குப் பின்னால் புழுக் கொட்டாய்.

எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேரே பேசமாட்டாள். மூத்தாரும் பேசக் கூடாது. எதிரே வந்தால் அவள் ஒதுங்கி நிற்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். பதினான்கு வருடம் இப்படித்தான். கோபம் ஒன்றும் கிடையாது. சொல்ல வேண்டியதை அவள் என் மனைவியிடம் சொல்வாள். என் மனைவி இல்லாவிட்டால் கன்றுக்குட்டியிடம் சொல்வாள்.

"ஏ கன்னு, மோட்டார் போட்டவங்க மறந்துட்டாங்க போல. தொட்டி ரொம்பி வழியுது."

நான் கேட்டுக்கொண்டு போய் நிறுத்துவேன். நான் சொல்ல வேண்டியதும் கன்றுக்குட்டியிடம்தான்.

இதனால்தான் துணி கட்டுகிற ஏற்பாடு வந்தது. அவள் கொட்டாய் போட்ட வருடம் என் மனைவி செய்து வைத்தாள். எங்கள் பக்கம் மருந்து அடித்தால் வேலிக் கம்பத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணியைப் பார்த்தால் அவள் வேலி ஓரம் மூன்று வரிசை மல்பெரியைப் பதினைந்து நாளைக்குத் தொடமாட்டாள். யாரும் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

அவளுக்கு அந்த வருடம் இரண்டு முறை புழு செத்துப்போயிருந்தது. சித்திரையில் சூடு தாங்காமல் ஒரு முறை. அடுத்தது நோய். புழு மஞ்சளாகி, ஊதி, வெடித்துப்போனது. ஆடியில் தம்பி வந்தபோது என் வீட்டில் உட்கார்ந்து சொன்னான்.

"இன்னொரு தடவ பாக்கலாம்ணா. அதுவும் போச்சுன்னா கொட்டாயைப் பிரிச்சிடறேன். இவளுக்கு இது கை வரல. ஓசூர்ல வூடு பாத்து வச்சிருக்கேன். எல்லாரும் அங்க போயிடலாம்."

அவள் பின்பக்கம் என் மனைவியோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அவள் என்ன சொன்னாள் என்று மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். "நான் போவமாட்டேங்க்கா. அங்க போய் நாலு செவுத்துக்குள்ள குந்திக்கிட்டு யார் மூஞ்சிய பாக்கறது? இங்கன்னா எனக்குன்னு ஒரு வேலை இருக்குது. இந்தப் புழு நல்லா வரணும்." அவ்வளவுதான் சொன்னாளாம்.

ஐப்பசியில் எடுத்ததுதான் அந்தப் புழு. நூறு முட்டைத் தொகுதி, தொகுதிக்கு நானூறு ஐந்நூறு புழு. நன்றாக வந்தது. நான்கு முறை தோல் உரித்தாகிவிட்டது. இனி தின்பது ஒன்றுதான் வேலை. தின்று முடித்துக் கூடு கட்ட ஏற வேண்டும். அந்த ஏழெட்டு நாளில் அது தின்கிற தழை, அதுவரை தின்றதைப் போலப் பல மடங்கு. காலை, மதியம், மாலை என்று அவள் கொப்பு கொப்பாக வெட்டிச் சுமந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்ப்பேன். தலையில் கட்டு மட்டும் தெரியும். ஆள் தெரியாது.

அந்தச் சமயத்தில் பென்னாகரத்தில் எங்கள் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. மனைவி கிளம்பினாள். பஸ் ஏறும்போது சொன்னாள்.

"அவ புழு ஏற இன்னும் மூணு நாள் இருக்குது. மருந்து கிருந்து அடிச்சிடாதீங்க."

"அடிக்கமாட்டேன்."

மருந்து நான் அடிக்கவில்லை. புகையிலைத் தண்ணி அடித்தேன்.

மிளகாய்க்கு என் அப்பா அடித்ததைப் பார்த்திருக்கிறேன். காம்புப் புகையிலையை ஒரு நாள் ஊற வைத்து, காய்ச்சி, சோப்புக் கரைத்து வடிகட்ட வேண்டும். கடையில் வாங்குகிற பாட்டில் கிடையாது. மண்டை ஓடு படம் போட்டிருக்காது. செடியிலிருந்து வருவது. மனுஷன் வாயில் போட்டு மெல்லுகிறான். அதை நான் மருந்துக் கணக்கில் வைக்கவில்லை.

துணி கட்டுவதா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கம்பம் வரை போனேன். துணி கையில் இருந்தது. மல்பெரியைப் பார்த்தேன். மேற்குப் பக்கம் எல்லாம் மொட்டையாக வெட்டி ஆகியிருந்தது. தழை மிச்சம் இருந்தது வேலி ஓரம் மூன்று வரிசையும், கிணற்றோரம் கொஞ்சமும்தான். துணி கட்டினால் அவள் அந்த மூன்று வரிசையைத் தொடமாட்டாள். புழு அதிகம் தின்கிற மூன்று நாளில் தழைக்கு எங்கே போவாள்? இது மருந்தும் இல்லையே, வீணாக எதற்கு அவளைப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

துணியை மடியில் சொருகிக்கொண்டு திரும்பிவிட்டேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மாலை மூன்று மணிக்கு மேல் டேங்க்கை முதுகில் மாட்டினேன். காற்று மேற்கிலிருந்து என் பக்கம்தான் வந்தது. வேலி ஓர வரிசையில் ஆரம்பித்தேன். அந்தப் புழு அடி இலையில்தான் முதலில் நுழைகிறது. அதனால் குழலைக் கீழே இருந்து மேலே பார்க்கப் பிடித்து அடித்தேன். தண்ணீர் இலையில் பட்டுப் புகையாக மேலே எழும்பியது. பழுப்பு நிறப் புகை. பாதி வரிசையில் என் முகத்தில் படுவது நின்றது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். காற்று திரும்பியதால்தான் படவில்லை என்று அப்போது தோன்றவில்லை.

நாலரைக்கு முடிந்தது. டேங்க்கைக் கழுவிக் கவிழ்த்தேன். கை காலை மட்டும் நனைத்துக்கொண்டு, ஒரு டீ போட்டுக் குடித்தேன். அவள் தழை வெட்டுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் வெட்டுகிறாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பது வழக்கம் இல்லை.

ஐந்தேகாலுக்கு மனைவி போன் செய்தாள். பெண் குழந்தை. சுகப்பிரசவம். எடை, முடி, யார் ஜாடை எல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாப்டீங்களா?"

"ம்."

"என்ன பண்றீங்க?"

"எலுமிச்சைக்குப் போயல தண்ணி அடிச்சேன். இப்பதான் முடிஞ்சுது."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்தான். வேலி ஓரம் மொதல்ல."

"துணி கட்டினீங்களா?"

"அது மருந்து இல்லையே."

"அவ கொட்டாயில போயல போடுற ஆளை வாசப்படிகூட மிதிக்க விடமாட்டா. கை வாசம் பட்டாலே புழு கக்கிடும். இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. நான் அந்தக் கொட்டாய்க்குள் போனதில்லை. அங்கே என்ன சட்டம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்கிற வழியும் இல்லை.

"நான் அவளுக்குப் போன் போடறேன். வைங்க."

வைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுக்குள் போன் அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. கொட்டாய்க்குள் போகும்போது அவள் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

என் போன் அடித்தது.

"எடுக்கலைங்க. நீங்க போங்க. போய் சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லுங்க."

ஓடினேன். எனக்கு வயது ஐம்பத்தாறு. வேலியில் மனைவி போய்வருகிற படல் கதவு ஒன்று உண்டு. அதை நான் திறந்ததே இல்லை. எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று தெரியவில்லை. பிடுங்கி எறிந்துவிட்டுப் போனேன். வேலி ஓரத்து முதல் வரிசை மல்பெரி மொட்டையாக இருந்தது. வெட்டிய தண்டில் பால் காயவில்லை. இரண்டாவது வரிசையில் பாதி.

கொட்டாய் வாசலில் ஈ வராமல் இருக்க வலைக்கதவு. வாசலுக்கு வெளியே சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தது. அதை மிதிக்கப் போனவன் நின்றுவிட்டேன். என் வேட்டி, சட்டை, கை எல்லாவற்றிலும் அந்த வாசம். உள்ளே அவள் நடப்பது வலையில் நிழலாகத் தெரிந்தது. கையில் கொப்பு இருந்தது.

வாய் வரவில்லை. சுற்றிப் பார்த்தேன். சொல்வதற்குக் கன்றுக்குட்டிகூட இல்லை.

"ஏம்மா."

நிழல் நின்றது. பிறகு கதவுக்குப் பின்னால் ஒதுங்கியது.

"அந்தத் தழைய போடாத. வேலி ஓரத் தழை. அதுல போயல தண்ணி பட்டிருக்கும்."

புழு தின்கிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"அக்கா இல்லீங்களா?" என்றாள். என்னிடம் இல்லை. காற்றிடம்.

"இல்ல. நான்தான் சொல்றேன். நான்தான் அடிச்சேன். எலுமிச்சைக்கு."

"எப்ப அடிச்சது?"

"மூணு மணிக்கு மேல."

கொப்பு தரையில் விழுந்தது.

"ரெண்டு அடுக்குக்குப் போட்டாச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இப்பதான் போட்டது" என்றாள்.

மொத்தம் ஆறு அடுக்கு. அவள் கீழ் அடுக்கிலிருந்து கொப்பை வாரி எடுக்கிற சத்தம் கேட்டது. வேகமாக எடுத்தாள். கொப்போடு புழுவும் ஒட்டிக்கொண்டு வரும். அதை உதறக் கூடாது. உதறினால் அடிபடும். ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும். எத்தனை ஆயிரம் புழு. நான் வலைக்கு வெளியே நின்றேன்.

"நான் வந்து எடுக்கட்டுமா?"

"கை" என்றாள்.

ஒரே வார்த்தை. என் கையைப் பார்த்துக்கொண்டேன். நகக்கண்ணெல்லாம் பழுப்பு.

கிணற்றுக்கு ஓடினேன். துணி சோப்பு தேய்த்துக் குளித்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மறுபடி சோப்பு. வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். கையை முகர்ந்து பார்த்தேன். இருந்தது. அது தோலுக்குள் இருந்து வந்தது.

கொட்டாய்க்கு வெளியே அவள் கழித்துப்போட்ட கொப்பு குவிந்திருந்தது. அவள் உள்ளிருந்து பேசினாள். இந்த முறை கன்றுக்குட்டி, காற்று எல்லாம் இல்லை.

"தலைய தூக்கிக்கிட்டு நிக்குதுங்க. கீழ் அடுக்கு. தின்ன மாட்டேங்குது. வாயில பச்சைத் தண்ணி விடுது."

"எவ்ளோ?"

"பாதிக்கு மேல."

புழு பார்க்க மாதம் இரண்டு முறை பட்டுத்துறை ஆள் ஒருவர் பைக்கில் வருவார். அவர் நம்பர் கொட்டாய்ச் சுவரில் கரியால் எழுதியிருந்தது. என் போனில் போட்டேன். சத்தத்தைக் கூட்டி வலைப் பக்கம் நீட்டினேன். போனிலும் என் கை பட்டிருக்கிறதே என்று, கையை நீட்ட முடிந்த தூரத்துக்கு நீட்டி, வலையில் படாமல் பிடித்துக்கொண்டேன்.

"தழைய எடுத்தாச்சாம்மா?" என்றார் அவர்.

"எடுத்துட்டேன் சார்."

"சுத்திக் கட்டின கோணி எல்லாம் சுருட்டிக் காத்து விடும்மா. கையைக் கழுவு. தள்ளிப்போய் நல்ல தழை வெட்டி, கொஞ்சமா மேல தூவு. போயல கொஞ்சமா பட்டிருந்தா மயக்கம்தான். எழும். நெறைய பட்டிருந்தா எழாது. விடிஞ்சா தெரியும். காலைல வரேன்."

"சார், மேல இருக்கற நாலு அடுக்கு?"

"அதுக்கு அந்தத் தழை போடலையே?"

"போடல."

"அந்தக் கைய வச்சி அதைத் தொடாத. அது போதும்."

போன் நின்றது. நான் கையை இறக்கினேன். தோள் வலித்தது.

நல்ல தழை கிணற்றோரம்தான் இருந்தது. கொஞ்சம்தான். அவள் கையைக் கழுவிக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு, அரிவாளோடு போனாள். இருட்டப் போகிற நேரம். நான் வெட்டித் தரக் கூடாது. சுமக்கக் கூடாது. டார்ச்சை மட்டும் தூரத்தில் நின்று அவள் அரிவாள் மேல் பிடித்தேன். அவள் ஒதுங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தழைக் கட்டோடு போகும்போது ஒன்று கேட்டாள்.

"துணி கட்டியிருக்கலாம் இல்லீங்களா?"

"கட்டத்தான் போனேன். உனக்குத் தழை இல்லாம போயிடும்னு கட்டல."

அவள் நின்றாள். கட்டைத் தூக்கிச் சரி செய்துகொண்டாள். போய்விட்டாள்.

விடிந்ததும் போனேன். படல் நான் எறிந்த இடத்திலேயே கிடந்தது. பட்டுத்துறை ஆள் எனக்கு முன்னே வந்திருந்தார். காலில் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் சுண்ணாம்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் வெளியே வர நேரமானது. செத்த புழுவை ஒரு முறத்தில் அள்ளி வந்து பின்னால் இருந்த குழியில் கொட்டினார். மறுபடி போனார். இன்னொரு முறம். நான் எண்ணினேன். ஒன்பது முறம் கொட்டினார்.

வெளியே வந்து முகம் துடைத்தார்.

"அடி அடுக்கு போச்சுங்க. அதுக்கு மேல் அடுக்குல கால்வாசி போச்சு. மிச்சம் எழுந்திடுச்சு. தின்னுது. மேல நாலும் நல்லா இருக்கு."

"ஏறுமா?"

"இன்னும் ரெண்டு நாள் போவட்டும். இப்பவே எதுவும் சொல்ல முடியாது."

அவர் எலுமிச்சையைப் பார்க்கக் கேட்டார். கூட்டிப்போனேன். ஒரு சுருண்ட இலையைப் பறித்து நகத்தால் மேல்தோலைக் கிழித்தார். உள்ளே புழு அசைந்தது. நல்ல உயிரோடு இருந்தது. அடுத்த இலையிலும் அப்படியே. பத்து இலை கிழித்தார். எட்டில் உயிர் இருந்தது.

"தோலுக்குள்ள இருக்கறதுங்க இது. நீங்க அடிச்சது மேல வழிஞ்சி போயிருக்கும். இதுக்கு ஒண்ணும் ஆவல."

"அப்ப மரம்?"

"இதனால மரம் சாவாதுங்க. துளிர் முத்திடுச்சுன்னா புழுவால நுழைய முடியாது. தானா நின்னுடும். இலை அசிங்கமா இருக்கும், அவ்ளோதான். விட்டுருக்கலாம்."

விட்டிருக்கலாம். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் தம்பி போன் செய்தான். தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஓட்டலில் வண்டியை நிறுத்தியிருந்தான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"என்னண்ணா, தாத்தா ஆயிட்டியாம்."

"ம்."

"புழு எப்படி இருக்குது? அவளுக்குப் போட்டா எடுக்கமாட்டேங்குறா."

அவள் ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கொட்டாய்ப் பக்கம் பார்த்தேன். அவள் தழைக் கட்டை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். என் போனைத்தான் பார்த்தாள்.

"ஒரு அடுக்கு போச்சு" என்றேன். "இன்னொண்ணுல கொஞ்சம்."

"நெனச்சேன். இது அவளுக்கு ஆவாதுன்னு அப்பவே சொன்னேன். வந்ததும் பிரிச்சிடறேன். ஓசூர் வூட்டுக்காரன்கிட்ட சொல்லிடறேன்."

"அவளால போவல."

"பின்ன?"

"நான் எலுமிச்சைக்குப் போயல தண்ணி அடிச்சேன். துணி கட்டல. அவ தெரியாம வெட்டிப் போட்டுட்டா. என்னாலதான் போச்சு."

ஒரு லாரி போனது.

"உனக்கு எதுக்குண்ணா அந்த வேலை?"

"நல்லதுன்னு நெனச்சேன்."

"நல்லாத்தான் நெனச்ச."

"நேத்து சாயங்காலம் ஆறு மணியில இருந்து இதுவரைக்கும் அவ உக்காரல. ஒத்தை ஆளா ரெண்டு அடுக்கையும் கையால பொறுக்கி எடுத்தா. அவ எடுக்கலைன்னா ரெண்டும் முழுசா போயிருக்கும். புழு வளக்கத் தெரியாதவ செய்யற வேலை இல்ல அது. உன் வூட்டு முடிவ நீ எடு. ஆனா இந்தத் தடவ போனத அவ கணக்குல எழுதாத. என் கணக்குல எழுது."

நான் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"சரி, அவகிட்ட குடு" என்றான்.

போனைக் கையில் கொடுக்க முடியாது. தூரத்தில் நின்று, சத்தத்தைக் கூட்டி நீட்டினேன்.

"எந்திரிச்சிதா மிச்சமெல்லாம்?" என்றான் அவன்.

"எந்திரிச்சிது."

"ஏறுமா?"

"ஏத்திக் காட்டறேன்."

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. அவன் வைத்துவிட்டான். பிரிக்கப் போகிறானா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாள் தழைக்கு அல்லாடினாள். வேலி ஓரத்தைத் தொட முடியாது. பக்கத்து ஊரில் மல்பெரி வைத்திருக்கிற ஒருவரிடம் நான் பேச, அவர் ஆளே வெட்டி வண்டியில் கொண்டுவந்து வாசலில் போட்டார். நான் வண்டியைத் தொடவில்லை. மரம் கிடக்கட்டும் என்று எலுமிச்சைப் பக்கமும் போகவில்லை. கொட்டாய்ச் சுவருக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்பேன். தின்கிற இரைச்சல் இருக்கிறதா என்று. இருந்தது. இரண்டாவது அடுக்குப் பக்கம் கொஞ்சம் மெதுவாக இருந்தது. அது என் பயமாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் இரைச்சல் இல்லை. வாசலுக்குப் போய் நின்றேன். கூப்பிட வாய் வந்தது இந்த முறை.

"ஏம்மா, சத்தமே காணோம்."

அவள் வலைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஒதுங்கவில்லை. தலையெல்லாம் தழைத் தூசி. கையில் ஒரு புழு இருந்தது. கண்ணாடி மாதிரி உடம்பு. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. பயந்துபோனேன். அன்றைக்கும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது என்றுதானே சொன்னாள்.

"தின்னது போதும்னு நிறுத்திடுச்சுங்க" என்றாள். "நூல் விடுது பாருங்க."

பார்த்தேன். வாயிலிருந்து அவள் விரலுக்கு ஒரு நூல் ஓடியது. வெயில் பட்டால்தான் தெரிந்தது.

தம்பி ஒரு வாரம் கழித்து வந்தான். அவள் கட்டி முடித்த கூடுகளைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்து அவனும் கூடு எடுத்தான். ஒரு கூட்டைக் காதருகே வைத்து, உள்ளே குலுங்குகிறதா என்று ஆட்டிப் பார்த்தான். இன்னொன்றையும் ஆட்டிப் பார்த்தான். மூட்டையை அவனே பைக்கில் கட்டித் தருமபுரி சந்தைக்கு எடுத்துப்போனான். எவ்வளவுக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. நாலே முக்கால் அடுக்குக் கூடு, ஆறு அடுக்குக்குச் சமம் ஆகாது. அது எல்லாருக்கும் தெரியும்.

அவன் போன நேரத்தில் நான் வேலி ஓர எலுமிச்சையைத் தோண்டக் கடப்பாரை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது மரம். முதல் மரத்தில் கடப்பாரையைப் போட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மரம் என்னங்க பண்ணுச்சு? அடிக்காம விட்டா போதும்."

கடப்பாரையை எடுத்துவிட்டேன். மண்ணை மிதித்து மூடினேன். பென்னாகரத்திலிருந்து வந்த மனைவி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நான் பத்து நாள் இல்லைன்னா என் வேலையே போயிடும் போல" என்றாள்.

மறுநாள் காலையில் தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டாய்க்குள் இருந்தான். ஏணி சாத்தியிருந்தது. பிரிக்கிறான் என்று நினைத்தேன். எங்கே ஆரம்பிப்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கூரையையா, அடுக்கையா. அவன் ஏணியில் ஏறி, மூலையில் இருந்த ஒட்டடையைத் துடைப்பத்தால் இழுத்தான். பிறகு இறங்கி, வாளியில் பிளீச்சிங் பவுடர் கொட்டினான். அடுத்த புழு வருவதற்கு முன் கொட்டாயைக் கழுவுகிற வேலை அது.

"எவ்ளோ தண்ணி?" என்று உள்ளிருந்தே கேட்டான்.

"அது பத்தாது. இன்னொரு கொடம் ஊத்துங்க" என்றாள் அவள். வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.